ஏழாம் அறிவும் எட்டாத அறிவியலும்

 

2011 தீபாவளிக்கு வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தை டி.வி.யில் போட்டால் நம்ம பசங்க இன்னும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். சூர்யா சண்டை சூப்பர்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த அறிவியல் இருக்கே... அப்பப்பா!

கதை இதுதான். பக்கத்துக் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனா போனார். அவருடைய வாரிசு இன்று சர்க்கஸில் இருக்கிறார். அவர் மரபணுவைக் கொஞ்சம் ‘தட்டி எழுப்பினால்’ 1,500 வருஷத்துக்கு முந்தைய வைத்தியமும் சண்டையும் தானாக வந்துவிடும்! வில்லனோ முறைத்துப் பார்த்தே ஊரை ஆட்டி வைக்கிறார். (நம்ம கணக்கு சார் முறைத்தால் வகுப்பே அடங்கும். அது வேற விஷயம்!)

இப்போ ஒரு கணக்கு போடுவோம். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் 1,500 வருஷத்துக்கு 60 தலைமுறை. அப்பா பாதி, அம்மா பாதி என்று ஒருவருடைய பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரியாகப் பாதியாகும். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். இரண்டு பிரதி, ஆக 600 கோடி. 2-ஐ 35 தடவை பெருக்கிப் பாருங்கள், 3,400 கோடியைத் தாண்டும். அதாவது ஒரே வாரிசு வழியில், சராசரிக் கணக்குப்படி 35-ஆம் தலைமுறையிலேயே ஒரு எழுத்துகூட மிஞ்சாது. 60-ஆவது ஆளிடம் எதைத் தட்டி எழுப்புவது? தூங்குவதற்கே அங்கே ஆள் இல்லையே!

சரி, குளோனிங் செய்தால்? 1996-இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறி ஆடு அப்படித்தான் பிறந்தது. 277 முயற்சியில் பிழைத்தது அது ஒன்றுதான். மூத்த ஆட்டின் அச்சு அசல் நகல். ஆனாலும் குட்டியாகத்தான் பிறந்தது. மூத்த ஆட்டின் ஞாபகம் எதுவும் மரபணு வழியாக வராது. போதிதர்மரையே குளோனிங் செய்தாலும் எல்.கே.ஜி.யில்தான் சேர்க்க வேண்டும்!

சிரித்தாச்சா? இனி சிரிப்பில்லாத விஷயம். வித்தை ரத்தத்தில் வரும் என்று இந்தப் படம் சொல்வதை நாமும் தினமும் சொல்கிறோம். நம் மாவட்டத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். உடனே, “அது அவங்க ரத்தத்துலயே இருக்குப்பா” என்கிறார்கள். இல்லவே இல்லை! சின்ன வயசிலிருந்து பெரியவங்களோடு காடுமேடெல்லாம் நடந்து, தடம் பார்த்து, வளை தோண்டிக் கற்ற பாடம் அது. ரத்தம் என்று சொன்னால் அந்த உழைப்பெல்லாம் எங்கே போச்சு?

மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957-இலிருந்து இருக்கிறது. ரத்தத்தில் வருமென்றால் கல்லூரி எதற்கு? எந்த வீட்டுப் பிள்ளையானாலும் உளி பிடித்துப் பழகினால்தான் கல் பேசும்.

ஆகவே நண்பர்களே, “உனக்கெல்லாம் கணக்கு ரத்தத்துலயே இல்லடா” என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். கணக்கு யார் ரத்தத்திலும் இல்லை; நோட்டில்தான் இருக்கிறது. போட்டுப் போட்டுப் பழகுவோம். ஆறாம் அறிவை முதலில் பயன்படுத்துவோம், ஏழாவதை அப்புறம் பார்த்துக்கலாம்!