சிபியு முதலா, ஜிபியு முதலா?

மேசைக் கணினிக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் லூப் அமைக்கத் திட்டமிடுகிறவர்களில் பலர், ஃபிட்டிங் வாங்கும் முன்பே ஒரு விதியைக் கேட்டுவிடுகிறார்கள்: பம்ப், ரேடியேட்டர், சிபியு, இன்னொரு ரேடியேட்டர், அதன் பிறகே ஜிபியு. சிபியு சூடாக்கிய தண்ணீரை அப்படியே ஜிபியுவுக்கு அனுப்பினால் அது எப்படிக் குளிரும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்பதற்கு நியாயமாக இருப்பதால்தான் விதி நிலைத்துவிட்டது. தண்ணீர் உண்மையில் எத்தனை டிகிரி சூடாகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4.18 கிலோஜூல் வேண்டும். டி5 வகைப் பம்புக்கு மணிக்கு 1,500 லிட்டர் என்று அச்சிட்டிருப்பது எந்தத் தடையும் இல்லாத நிலைக்கு. சிபியு, ஜிபியு மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்கும் இரண்டு பிளாக்கும் இரண்டு ரேடியேட்டரும் உள்ள லூப்பில் நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 67 கிராம். அந்த ஓட்டத்தை ஒரு டிகிரி ஏற்ற 279 வாட் செலவாகும். இன்டெல் கோர் ஐ9-14900கே-வின் உச்ச டர்போ மின்திறன் 253 வாட். முழு வேகத்தில் ஓடும் அந்தச் சிபியுவைக் கடந்து வரும் தண்ணீர் 0.9 டிகிரி ஏறியிருக்கும், அவ்வளவுதான். 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-ஐக் கடந்தால் 1.6 டிகிரி. லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் இடையே ஆக மொத்தம் இரண்டரை டிகிரிதான். நடுவில் ஒரு ரேடியேட்டரைச் செருகி ஜிபியுவுக்கு மிச்சப்படுத்தக்கூடியது அந்த 0.9 டிகிரியைத் தாண்டாது. சிபியுவின் உட்கருவுக்கும் அதன்மேல் ஓடும் தண்ணீருக்கும் இடையிலோ, முழுச் சுமையில், முப்பது நாற்பது டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம். அவ்வளவு சிறிய சிலிக்கான் பரப்பிலிருந்து வெப்பம் வெளியேறுவதே அங்கே சிக்கல். ரைசன் 9 7950எக்ஸ் 95 டிகிரி வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. அந்த இடத்தில் தண்ணீரின் ஒரு டிகிரிக்கு என்ன மதிப்பு?

ஓட்டம் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு மாறுமே என்பது நல்ல மறுப்பு. மாறும். நிமிடத்துக்கு 1 லிட்டர்தான் ஓடுகிறது என்றால், சிபியுவும் ஜிபியுவும் சேர்ந்த 703 வாட்டுக்குத் தண்ணீர் 10 டிகிரி ஏறி இறங்கும். அப்போது வரிசை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது பம்பின் குறை, வரிசையால் மூடி மறைக்க வேண்டியதல்ல. வேடிக்கை என்னவென்றால், விதியைக் காப்பாற்றுவதற்காக டியூபை மேலும் கீழும் இழுத்து, கூடுதலாக நாலைந்து 90 டிகிரி ஃபிட்டிங்குகளைப் போடும்போது குறைவது அந்த ஓட்டம்தான். கசியக்கூடிய இணைப்புகளும் கூடுகின்றன.

வரிசையை மாற்றி அளந்தோம், நாலைந்து டிகிரி குறைந்தது என்பவர்களும் உண்டு. வரிசையை மாற்ற லூப்பைக் காலி செய்ய வேண்டும். பல சமயம் பிளாக்கைக் கழற்றி தெர்மல் பேஸ்டைப் புதிதாகப் பூச வேண்டும். தங்கியிருந்த காற்றுக் குமிழ்களும் அப்போது வெளியேறும். அறையின் வெப்பமும் அதே அளவில் நிற்காது. இவற்றில் எதை அளந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது, புகழ் வரிசைக்குப் போவது நியாயமில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நம்பிக்கை, தண்ணீர் மெதுவாக ஓடினால் ரேடியேட்டரில் அதிக நேரம் நின்று நன்றாகக் குளிரும் என்பது. ரேடியேட்டரில் அதிக நேரம் நிற்கும் தண்ணீர் பிளாக்கிலும் அதிக நேரம் நிற்கிறது. வெளியே வருவது கொஞ்சம் குளிர்ந்திருக்கலாம். உள்ளே போவதும் அதே அளவுக்குச் சூடாக இருக்கும். ஓட்டம் கூடினால் உலோகச் சுவரை ஒட்டி நகராமல் கிடக்கும் மெல்லிய நீர்ப்படலம் இன்னும் மெலிந்து, வெப்பம் எளிதில் கைமாறும். பெரிய ரிசர்வாயர் வைத்தால் குளிரும் என்பதற்கும் கணக்கே பதில்: கூடுதல் கால் லிட்டர் தண்ணீரை 10 டிகிரி ஏற்ற 703 வாட்டுக்கு 15 விநாடி போதும். அதன் பிறகு அந்தக் கால் லிட்டர் அழகுக்குத்தான்.

அப்படியானால் தண்ணீரின் வெப்பத்தைத் தீர்மானிப்பது எது? காற்று. அந்த 703 வாட்டை 10 டிகிரி மட்டுமே சூடேறும் காற்றில் ஏற்றி வெளியே அனுப்ப விநாடிக்குச் சுமார் 60 லிட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 3,600 லிட்டர். தண்ணீர்ப் பக்கம் 4 லிட்டரில் முடிந்த வேலை இது. நெரிசல் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிகிறது. ரேடியேட்டரின் பரப்பு, ஃபேனின் அழுத்தம், பெட்டிக்குள் வெளிக்காற்று நுழைய வழி, அறை வெப்பம் ஆகியவற்றைத்தான் திட்டமிட வேண்டும். அறை 36 டிகிரியில் இருக்கும் மே மாதத்தில் எந்த வரிசையும் தண்ணீரை அதற்குக் கீழே இறக்காது.

வரிசைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. பம்புக்கு உடனே முன்னால் ரிசர்வாயர் இருக்க வேண்டும், அதுவும் பம்பை விட உயரத்தில். இந்தப் பம்புகள் தாமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளத் தெரியாதவை, உலர்ந்து ஓடினால் பேரிங் தேயும். உள்வாய் வெளிவாய் குறித்த பிளாக்குகளில் அதை மாற்றக் கூடாது. மற்றபடி டியூப் எது குட்டையாக, நேராகப் போகிறதோ அதுவே சரியான வரிசை.

இந்த விதியை அதன் எல்லைவரை நம்புகிறவர்கள் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் தனித்தனி லூப்பே போடுகிறார்கள்: இரண்டு பம்ப், இரண்டு ரிசர்வாயர், இரட்டைச் செலவு. இரண்டு நிறத் திரவம் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் அது வேறு விஷயம். குளிர்ச்சிக்காக என்றால் பெரும்பாலும் நட்டமே. விளையாட்டின்போது ஜிபியு உச்சத்தில் நிற்கும், சிபியு தன் உச்சத்தை நெருங்குவது அரிது. அதன் ரேடியேட்டர் பாதி வேலையின்றிக் கிடக்க, பக்கத்து லூப்பில் ஜிபியுவின் ரேடியேட்டர் திணறும். ஒரே லூப்பாக இருந்தால் அந்த முழுப் பரப்பும் ஜிபியுவுக்கு உதவும். பதிலுக்குச் சிபியு சில டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்பது மெய்தான். முழுச் சுமை இல்லாத அந்த நேரத்தில் அதைத் தாங்கும் இடைவெளி அதற்கு நிறையவே இருக்கிறது.