திறக்க முடியாத கணினி நமக்கு எதற்கு?



எங்கள் பள்ளிக் கணினி அறையில் பன்னிரண்டு மேசைக் கணினிகள் சுவரோரம் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் மீதும் 'கழிவு' என்று எழுதிய தாள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2016-இல் வாங்கிய இப்பொறிகள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிப் பட்டியலில் இல்லை. "பழையதைத் தள்ளிவிட்டு மெல்லிய மடிக்கணினிகளாக வாங்கிவிடலாம் டீச்சர்" என்றார் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர். "ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா ஐயா?" என்று கேட்டேன். "திறந்து பார்ப்பது நம் வேலையா?" என்று சிரித்தார்.

நம் வேலைதான் என்கிறேன். அதைச் சொல்லவே இவ்விடுகை.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1981 ஆகஸ்டு 12-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் உள்ளே, கூடுதல் அட்டைகளைச் செருக ஐந்து இடங்கள் விடப்பட்டிருந்தன. அதன் மின்சுற்று வரைபடங்கள் அடங்கிய கையேட்டையும் அந்நிறுவனமே விற்றது. அதனால் பிறரும் அதற்கான பாகங்களைச் செய்தனர். அதனோடு ஒத்தியங்கும் கணினிகளையும் செய்தனர். போட்டி பெருகியது; விலை இறங்கியது. அந்தத் திறந்த கதவின் வழியாகத்தான் கணினி எளியோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற 2000-களின் தொடக்கத்தில், நினைவகம் போதவில்லையெனில் திருகாணிகளைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவோம். வன்தட்டு பழுதானால் வன்தட்டை மட்டும் மாற்றுவோம். அன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தாழ்ப்பாளை நகர்த்தினாலே மின்கலம் கையோடு வந்துவிடும்.

பிறகு என்னவாயிற்று? 2008-இல் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் மடிக்கணினியைக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டியது. உலகமே வியந்தது. ஆனால், அதன் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்கலமும் உள்ளே அடைபட்டிருந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அவ்வழியே நடந்தன. இன்று பல மடிக்கணினிகளில், வாங்கும் நாளில் உள்ள நினைவகமே கடைசி நாள் வரைக்கும். அதில் ஒரு சில்லு கெட்டால் தாய்ப்பலகையையே மாற்றச் சொல்கிறார்கள்!

"மெல்லியதாகவும் மின்சிக்கனமாகவும் இருக்க வேண்டுமானால் பற்றவைத்துத்தான் ஆகவேண்டும்" என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. இணைப்பின் நீளம் குறைந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும். ஆயினும், திருகாணியால் பொருத்தக்கூடிய மெல்லிய நினைவக வடிவத்துக்கு ஜெடெக் என்னும் தர அமைப்பு 2023-இலேயே இலக்கணம் வகுத்துவிட்டது. பயனரே திறந்து பாகங்களை மாற்றும் மடிக்கணினியை ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மனமுண்டானால் மார்க்கமுண்டு!

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் தொடங்கியது நமது பினாங்கில். சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் கைகள் இந்நாட்டுக் கைகள். அந்நாட்டில் வளரும் பிள்ளைக்கு நினைவகம் எது, வன்தட்டு எது என்று தெரியவில்லையெனில் குறை பிள்ளையிடமா? மூடிய பெட்டியைக் கொடுத்து, 'தொடாதே' என்று சொல்லிக் கொடுத்த நம்மிடமா?

சென்ற சனிக்கிழமை, தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஆறாம் ஆண்டு மாணவர் எண்மருடன் ஒரு கணினியைத் திறந்தேன். "தாய்ப்பலகை யாருக்குத் தாய், டீச்சர்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. இயங்காத இன்னொரு கணினியின் நினைவகத்தை எடுத்து இதில் செருகினோம். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வைத்து, லினக்ஸ் நிறுவினோம். முன்பு தொடங்குவதற்குள் தேநீர் ஆறிவிடும் கணினி, இப்போது ஒரு நிமிடத்திற்குள் விழித்துக் கொள்கிறது. அச்சிறுமி அதில் முதலில் தட்டச்சு செய்தது, 'அம்மா'.

புதியன வாங்கவே கூடாது என்பதன்று என் வாதம். பன்னிரண்டும் பிழைக்கும் என்றும் சொல்லேன். பிழைக்காதவற்றை உரிமம் பெற்ற இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு இந்நாட்டில் அட்டவணைக் கழிவு. குப்பைத் தொட்டியில் போடுவதற்கன்று.

ஆனால், பெற்றோர் உழைத்துத் தந்த ரிங்கிட்டைச் செலவிடுமுன் விற்பவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். நினைவகத்தை மாற்ற முடியுமா? மின்கலத்தை மாற்ற முடியுமா? இரண்டுக்கும் 'முடியாது' என்றால், அக்கடையை விட்டு வெளியே வாருங்கள்.

பதினொரு தாள்கள் இன்னும் ஒட்டியே இருக்கின்றன. வரும் சனிக்கிழமை அடுத்ததைத் திறப்போம். திருகாணி முடுக்கி வைத்திருக்கும் பெற்றோர் வரலாம்.