பெண்ணுக்கு பி.எஸ்ஸி. போதுமா?

ஹெப்பகோடியில் நம்மவர் வீட்டுப் பெண் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. தேறிவிட்டால் இரண்டு பேச்சுதான் எழும். "மருந்துக் கம்பெனி, ஆராய்ச்சி எல்லாம் பெண்ணுக்குச் சரிப்படாது, டீச்சராகப் போகட்டும்" என்பது ஒன்று. "படித்தது போதும், வரன் பாருங்கள்" என்பது மற்றொன்று. மெட்ரோ ஸ்டேஷனுக்கே 'பயோகான் ஹெப்பகோடி' என்று மருந்துக் கம்பெனியின் பெயரைச் சூட்டியிருக்கும் ஊரில் இந்தப் பேச்சு! அந்தக் கம்பெனியை 1978-இல் தொடங்கியவர் கிரண் மஜும்தார் என்ற பெண்மணிதான்.

மருந்து ஆராய்ச்சி வேறு, ஆசிரியத் தொழில் வேறு என்று எண்ணுவோர் கல்கத்தாவின் டாக்டர் அசீமா சாட்டர்ஜியைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 1917-இல் பிறந்த இவர் 1940-இல் லேடி பிராபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி நடத்தினார். 1944-இல் கல்கத்தா பல்கலைக் கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. இந்தியப் பல்கலைக் கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. 1947-இல் மேல் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா சென்றபோது கைக்குழந்தையையும் உடன் அழைத்துப் போனார். கல்யாணத்தோடு படிப்பு முடிந்தது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1954-இல் பல்கலைக் கழகத்தில் ரீடரானார். 1962 முதல் 1982 வரை பேராசிரியர். பாடம் சொல்லிக்கொண்டே, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மூலிகைகளை ஆராய்ந்தார். காக்காய் வலிப்புக்கு 'ஆயுஷ்-56' என்ற மருந்து உருவானது இப்படித்தான். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒன்று சடாமாஞ்சில். மற்றொன்று, நம் பாட்டிமார் வயலோரத்தில் கிள்ளி வந்து கடைந்து போட்டார்களே, அந்த ஆரைக்கீரை இனம்! சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகளையும் இவர் ஆராய்ந்தார். மலேரியாவுக்கும் மூலிகை மருந்து கண்டார். 1975-இல் இந்திய அறிவியல் காங்கிரசுக்குத் தலைமை வகித்த முதல் பெண்ணும் இவர்தான். 2006-இல் காலமானார்.

வகுப்பறையா, மருந்தா என்று அந்த அம்மையாரை யாரும் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. நம்மவர்கள் விரும்பும் ஆசிரியர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் பாடம் நடத்த எம்.எஸ்ஸி. வேண்டும். மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவிலும் அதையே கேட்கிறார்கள். பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் இரண்டு கதவும் சேர்ந்து அடைபடும். மிஞ்சுவது, இரண்டு வருடம் பாக்கிங் பிரிவில் நின்றுவிட்டுக் கழுத்தை நீட்டுவது.

மகனுக்கு இன்ஜினியரிங் என்றால் பி.எஃப். பணத்தை எடுக்கும் தகப்பனார், மகள் எம்.எஸ்ஸி. என்றதும் சம்பளம் போதவில்லை என்கிறார். நானும் ரயில்வே குமாஸ்தாதான். போதாத சம்பளம் எனக்கும் தெரியும். ஆனால் நகைச் சீட்டுக்கு மாதம் தவறாமல் கட்டுகிறோமே, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?