இருநூறடிச் சாலைக்கு எந்தச் சக்கரம்?

எங்கள் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் இப்போது கண்ணில் படும் அளவுக்குப் பெருகிவிட்டார்கள். விடிவதற்குள் இருநூறடிச் சாலையில் பின்விளக்கு மினுக்க, ஒற்றை வரிசையில் போவது அவர்கள்தான். அவர்களில் ஒரு தம்பி, மணலியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், போன வாரம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, தீபாவளி போனஸ் வருது. கார்பன் வீல் ஒரு செட் போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" போனில் படம் காட்டினார். விலை அறுபதாயிரத்துக்குப் பக்கம். அவருடைய முழு சைக்கிளே அந்த விலை இல்லை.

ஆசையில் தப்பே கிடையாது. ரோடு பைக் செய்யும் கம்பெனிகள் விலையைக் கட்டுக்குள் வைக்க முதலில் கைவைப்பது சக்கரத்தில்தான். பிரேமும் கியரும் விளம்பரத்தில் தெரியும். ஹப்புக்குள் கிடக்கும் பால்ரஸ் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆரம்ப விலை வண்டிகளில் ஜோடிச் சக்கரம், டயரும் டியூபும் சேர்க்காமலே, இரண்டு கிலோவைத் தொடும். நல்ல கார்பன் ஜோடி ஒன்றரை கிலோவில் நிற்கும். அதனால்தான் "காசு வந்தா முதல்ல வீலை மாத்து" என்று சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த அரை கிலோவை நம் ஊரில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஆள் 72 கிலோ, வண்டி 10 கிலோ, தண்ணீரும் பம்ப்பும் ஒரு கிலோ என்றால் மொத்தம் 83. அதில் அரை கிலோ குறைந்தால் நூற்றுக்கு 0.6 பங்கு. சுற்றுகிற எடை இரண்டு மடங்காகக் கணக்கில் வரும் என்பார்கள். ரிம்மின் விளிம்பில் இருக்கும் எடைக்கு, வேகம் பிடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும், அது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது எடை அனேகமாக ஒரு பொருட்டே இல்லை. மாத்தூரிலிருந்து மீஞ்சூர் வரை போனாலும் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலம்தான் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவருக்கு அரை கிலோ பேசும். ஆனால் ரிம் பிரேக் வண்டியில் கார்பன் சக்கரம் போட்டு அதே மலையை இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அலுமினிய ரிம் சூட்டைச் சட்டென்று காற்றில் விட்டுவிடும், கார்பன் விடாது. விடாமல் பிரேக் பிடித்து இறங்கினால் ரிம்மின் பிசினே இளகும்.

அடுத்து காற்று. தம்பி பார்த்துவைத்த ரிம் 50 மில்லிமீட்டர் ஆழம். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். அதைத் தள்ள வேண்டிய சக்தி மும்மடியாக ஏறும். ஆகவே ஆழமான ரிம்முக்கு உண்மையிலேயே பலன் உண்டு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், அந்த 62 கிலோமீட்டர் நீளத்தில், ஞாயிறு காலை 35, 38 என்று இழுத்துப் போகும் குழுவில் இருந்தால் அது காலுக்குத் தெரியும். ஆனால் எதிர்ப்பின் பெரும்பங்கு ஓட்டுகிறவரின் உடம்பு. முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்து உட்காரப் பழகினால் காசு செலவழிக்காமலே அதற்கு மேல் கிடைக்கும். இன்னொன்று, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சேர்வதற்கே கன்டெய்னர் டிரெய்லர்களோடு ஓட்ட வேண்டும். நாற்பதடி கன்டெய்னர் ஒன்று பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஆழமான முன் ரிம் அந்தக் காற்றைப் பாய்மரம் மாதிரி வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் ஹேண்டில்பார் ஒரு சாண் நகர்ந்தால் போதும். சாண் அளவு இடம்கூட அந்தச் சாலையில் நமக்கு மிச்சம் இருப்பதில்லை.

சாலையைப் பற்றியே பேசுவோம், ஏனென்றால் முடிவைச் சொல்வது அதுதான். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களின் லாரிகளும் நம் வட்டாரத்தில்தான் திரும்புகின்றன. சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் போகும் வண்டிகள் வேறு. மாதவரம் ரவுண்டானாவிலிருந்து கிழக்கே வந்து பாருங்கள். சாலையின் இடது ஓரத்தில், சைக்கிள் போக வேண்டிய அந்த இரண்டு அடியில், மணலும் ஜல்லியும் நட்டும் போல்ட்டும் வெடித்த லாரி டயரின் கிழிசலும் கிடக்கும். அந்தக் கிழிசலுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிதான் ரோடு பைக்கின் முதல் எதிரி. மயிரிழைக் கனம், டயரில் ஏறியது கண்ணுக்குத் தெரியாது. பஞ்சர் ஒட்டிவிட்டுப் போவோம், மறுநாள் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். கம்பி டயருக்குள்ளேயே இருந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டியூபில் ஓட்டை எங்கே என்று தண்ணீரில் பார்த்து, வால்வோடு ஒப்பிட்டு டயரில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உட்புறம் ஒரு துண்டுப் பஞ்சை மெதுவாகத் தடவ வேண்டும். கம்பி இருந்தால் பஞ்சு சிக்கும். நகவெட்டியால் வெளிப்பக்கமிருந்து பிடித்து இழுத்தால் வந்துவிடும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

இந்தச் சாலைக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் டயர். தம்பி வண்டியில் இருப்பது 25 மில்லிமீட்டர், அதில் 100 பி.எஸ்.ஐ. காற்று, கல் போல இருக்கும். அதை எடுத்துவிட்டு 28 போட்டால் டயருக்குள் கால் பங்கு அதிகக் காற்று இருக்கும். 75, 80 பி.எஸ்.ஐ. போதும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மும் தரையும் டியூபை நடுவில் வைத்து நசுக்கி, பாம்பு கடித்தாற்போல் ஜோடி ஓட்டை போடுவது பெருமளவு நிற்கும். அகல டயர் வேகத்தைக் கெடுக்கும் என்ற பழைய எண்ணத்தைப் பந்தய வீரர்களே விட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டரில் ஓடியவர்கள் இன்று 28, 30 என்று போகிறார்கள். சாலை கரடாக இருந்தால் கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். அந்தத் தூக்கலில் வீணாவது நம் மிதிப்புத்தான். பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த நல்ல டயர் ஜோடி சில ஆயிரத்துக்குள் அடங்கும். பிரேமிலும் பிரேக்கிலும் 28 நுழைய இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இருக்கிற சக்கரத்துக்கு ஒரு முறை ஒழுங்காகக் கோட்டம் எடுத்து, ஹப்பை ஓவராயில் பண்ணுவது. எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க எனக்குச் சலிப்பதே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டை விரலைப் பிரேமில் ஊன்றி நகத்தை ரிம்முக்கு ஒரு நூல் தள்ளிப் பிடிப்பார். உரசும் இடத்தில் சத்தம் கேட்கும். அங்கே ஒரு பக்கத்துக் கம்பியை ஸ்போக் கீயால் கால் திருப்பு இறுக்குவார், எதிர்ப்பக்கத்தை அதே அளவு தளர்த்துவார். மறுபடி சுற்றல். கடைசியில் இரண்டிரண்டு கம்பியாகப் பிடித்து அழுத்தி, சுண்டிக் கேட்பார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் வந்தால்தான் விடுவார்.

அந்தச் சுருதிக்குக் காரணம் இருக்கிறது. சக்கரத்தின் கம்பி எல்லாமே இழுவிசையில் நிற்பவை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-ல் சைக்கிள் சக்கரம் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைக் கணக்கோடு விளக்கியிருக்கிறார். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 சுற்று. அத்தனை முறையும் தளர்ந்து இறுகும் கம்பி, முதலிலேயே தொளதொளவென்று இருந்தால் சீக்கிரம் களைத்து, ஹப்பில் வளையும் கழுத்தில் ஒடியும். சமமாகவும் போதுமான இறுக்கத்திலும் கட்டிய சக்கரம், மலிவான ரிம்மாக இருந்தாலும், வருஷக்கணக்கில் உழைக்கும்.

இதில் நம் ஊருக்கு ஒரு பரம்பரையே உண்டு. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், நமக்குக் கூப்பிடு தூரத்து அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் செய்தது. அந்தக் கறுப்பு சைக்கிளின் முன் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள், 32 கம்பி. பின் சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தான் விழும் என்று தெரிந்து கட்டிய கணக்கு. ஒரு காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து முப்பது கிலோ வரும்; அதில் இரண்டு மூன்றைக் கட்டிக்கொண்டு மாத்தூர் தெருக்களில் போன சைக்கிள்களைப் பார்த்தவர்களுக்கு அந்த 40 கம்பியின் அருமை புரியும். தம்பி ஆசைப்படும் கார்பன் சக்கரத்தில் முன்னால் 20, பின்னால் 24. ஒன்று ஒடிந்தால் ரிம் பிரேக்கில் உரசும் அளவுக்குச் சக்கரம் வளையும், அங்கேயே இறங்கி நிற்க வேண்டியதுதான். 32-ல் ஒன்று போனால் மெதுவாக வீடு வந்து சேரலாம். அலுமினிய ரிம் பள்ளத்தில் அடி வாங்கினால் பல நேரம் நிமிர்த்திவிடலாம். கார்பன் விரிசல் விட்டால் நம் தெருவில் அதற்கு வைத்தியம் இல்லை.

ஆகவே சக்கரம் மாற்ற வேண்டிய நாள் வந்தால், 32 துளை ஹப் வாங்கி அண்ணனிடம் கொடுத்துக் கட்டச் சொல்வதையே நான் விரும்புவேன். அந்த நாள் வந்துவிட்டதா என்பதை ரிம்மே சொல்லும். பிரேக் ரப்பர் உரசும் பக்கச் சுவர் உள்வாங்கிக் குழிந்திருந்தாலோ, கம்பித் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தாலோ, கோட்டம் எடுத்த பிறகும் கம்பி ஒவ்வொன்றாக ஒடிந்துகொண்டே இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். கடல்காற்று அடிக்கும் ஊர் இது. கம்பி துருப்பிடிக்காத எஃகாகவும் நிப்பிள் பித்தளையாகவும் இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் எடை குறைவு, ஆனால் உப்பில் பூத்து இறுகிப்போனால் அடுத்த முறை கோட்டம் எடுக்க முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு மணலி வட்டாரத்தில் ஹப்பைப் பிரித்தவர்கள் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சேற்றைத்தான் பார்த்தார்கள். கோனும் பால்ரஸும் உள்ள ஹப்பாக இருந்தால் கழுவி, புது கிரீஸ் வைத்து, மறுநாளே ஓட்டலாம்.

நீண்ட தூரம் போக நினைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். தம்பிக்கு 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டிப் பார்க்க ஆசை. அதற்குக் கொடுக்கும் நேரம் பதிமூன்றரை மணி. சராசரி 15 கிலோமீட்டர்கூட வேண்டாம். அங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் வேகத்தில் தோற்பதில்லை; பஞ்சரிலும், ஒடிந்த கம்பியிலும், கை மரத்துப் போவதிலும் தோற்கிறார்கள்.

சாலை ஓரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசைக்கு ஓட்டும் எங்களைவிட, அதே இரண்டு அடியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம்: இரும்புச் சந்தைக் கூலிகள், இரவு ஷிப்ட் முடிந்து வரும் காவலாளிகள். அவர்களுக்கு ஒரு பஞ்சர் என்றால் அரை நாள் தாமதம், சில இடங்களில் அரை நாள் சம்பளம். மாத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நடுச்சாலையைக் கூட்டும் மாநகராட்சி இயந்திரம் வாரத்துக்கு ஒரு நாளாவது இடது ஓரத்தையும் கூட்டட்டும். டயர் கிழிசலைப் பொறுக்க ஒரு ஆளைப் போடட்டும். எந்தச் சக்கரமும் தர முடியாத நன்மை அது.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் கார்பனை முழுதாக விடவில்லை. வெளிவட்டச் சாலை ஞாயிறுகளுக்கென்று பிற்பாடு ஒரு ஜோடி வாங்குவேன் என்கிறார். வாங்கட்டும், அச்சும், பின் ஹப்பில் பல்சக்கரம் ஏறும் அளவும் தன் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கட்டும். இப்போதைக்கு 28 டயருக்குச் சொல்லிவிட்டார். பின் ரிம்மின் பக்கச் சுவர் குழிந்திருப்பதை நகம் வைத்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். 32 போதுமா, 36 போடலாமா என்று அண்ணனோடு இன்னும் பேச்சு நடக்கிறது. அண்ணன் 36 பக்கம் நிற்கிறார்.