இலையோரத்து ஊறுகாயா கலைக்கல்வி?

தொடக்கப் பள்ளியில் பாட்டும் கூத்தும் ஓவியமும் வேண்டும் என்று சொன்னால் இன்று எவரும் மறுப்பதில்லை. மறுப்பவர்கள் இருந்த காலமே மேல் என்று தோன்றுகிறது. அவர்களோடு வாதிடவாவது இடமிருந்தது. இப்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தலையாட்டிவிட்டு, கலையை இலையோரத்து ஊறுகாயாக வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பெருந்தொற்றில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்டி, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரையும் 2025-க்குள் எழுத்தும் எண்ணும் அறிந்தவராக்குவது நோக்கம். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கியது, 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பாடல், கதை, பொம்மலாட்டம், கைவேலை என்று வழிகள். நோக்கத்தில் நமக்குப் பிணக்கில்லை. எழுத்தறியாத குழந்தையைக் கலையின் பேரால் அப்படியே விட்டுவிடச் சொல்பவன் அக்குழந்தைக்குப் பகைவன்.

நமது கேள்வி வேறு. அந்தப் பாடல் யாருடையது? அந்தப் பொம்மை யாருடைய சொல்லைப் பேசுகிறது? பாடல் எழுதப்பட்டு வருகிறது. பொம்மைக்கான உரையாடலும் கையேட்டோடு வருகிறது. வகுப்பு திருப்பிச் சொல்கிறது. எழுத்து மனத்தில் பதிந்ததும் பாட்டின் வேலை முடிந்துவிடுகிறது. இது கலைவழிக் கற்பித்தல் என்றால், கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பாட்டிகள் எல்லோரும் கலையாசிரியர்களே! வெளிப்பாட்டுக் கலை என்பதில் முதற்சொல் 'வெளிப்பாடு'. குழந்தைக்குள் இருப்பது வெளியே வரவேண்டும்; வெளியே இருப்பதை உள்ளே அனுப்புவதற்கு வேறு பெயர் உண்டு.

இந்த வேறுபாடு பண்டிதர் வாதமன்று என்பதற்குக் கும்மிடிப்பூண்டிப் பகுதியே சான்று. சிப்காட் ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள், எல்லையோரத் தெலுங்குக் குடும்பங்கள், இலங்கைத் தமிழர் முகாம், மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் ஆண்டின் சில மாதங்கள் மட்டும் தங்கிச் செல்லும் ஒடியத் தொழிலாளர் பிள்ளைகள், இருளர் குடியிருப்புகள். இத்தகைய ஊரில் எழுத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், தமிழ் தெரியாத ஒடியக் குழந்தை அரும்பாகவே நிற்கும். அதன் அறிவு அரும்பாகவா இருக்கிறது? சூளையின் வேலை முறையை, மண் குழைவதிலிருந்து கல் வேகும்வரை, அது களிமண்ணில் செய்து காட்டும். உடலால் நடித்துக் காட்டும். 'செங்கல்' என்ற சொல்லை அதன்பின் அதற்குக் கற்றுக்கொடுங்கள், ஒட்டிக்கொள்ளும். பல தாய்மொழிகள் கூடும் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் இடம் கலை ஒன்றுதான். அந்த இடத்தையும் எழுத்துப் பயிற்சிக்கு ஏணியாக்கிவிட்டால் அவர்களுக்கு மிச்சம் எது?

கணக்குக்கும் இதுவே. வாய்பாட்டை மெட்டுப் போட்டுப் பாடுவது ஒரு வழி. வாசலில் அம்மா போடும் புள்ளிக்கோலத்தை வகுப்புக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. நேர்ப்புள்ளி, ஐந்துக்கு ஐந்து: மொத்தம் 25. ஊடுபுள்ளி, நடுவில் ஐந்து. இருபுறமும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று: எண்ணிப் பாருங்கள், அதுவும் 25. தோற்றத்தில் வேறான இரண்டும் எண்ணிக்கையில் ஏன் ஒத்துப்போகின்றன? ஊடுபுள்ளிக் கோலத்தைச் சற்றே திருப்பிப் பார்க்கும் பிள்ளை, அதுவும் ஐந்து வரிசைகளில் ஐந்தைந்து புள்ளிகளே என்பதைத் தானாகவே கண்டுகொள்ளும். கோலமும் அதனுடையது, கண்டுபிடிப்பும் அதனுடையது. இங்கே கலை கணக்குக்குப் பூச்சு அன்று. கலைக்குள்ளேயே கணக்கு இருக்கிறது.

'ஆசிரியர் எங்கே?' என்பார்கள். நியாயமான கேள்வி; அதைச் சட்டத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மட்டுமே, அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே தருகிறது. ஐந்தாம் வகுப்புவரை உள்ள பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பும் அத்தனை கலையும் அவ்விருவர் தலையில். தமிழகம் 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியபோது கொடுத்த மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். பத்தாம் வகுப்புவரை கலை கட்டாயப் பாடமாகவேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி அமைந்த வல்லுநர் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலிருக்கிறது, கற்கும் தொடக்க வயதில்தான் கலையாசிரியர் இல்லை.

'அதற்குத்தான் கலைத்திருவிழா நடத்துகிறோமே' என்பது அடுத்த சமாதானம். நல்ல விழாதான். ஆனால் போட்டி, நன்றாக ஆடும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றவர்கள் கைதட்டக் கற்கிறார்கள். வகுப்பறைக் கலை, ஆடவே துணியாத பிள்ளைக்காக இருப்பது.

தமிழ் கற்பிக்கும் நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். வகுப்பறைக்குள் இயல் ஒன்றையே அனுமதிக்கிறோம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. அதன் எட்டு மெய்ப்பாடுகளையும் மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் தருகிறோம். உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு என்பதை ஒருமுறையாவது செய்து பார்க்கவைத்தோமா? காஞ்சிபுரத்தை அடுத்த கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை கூத்தையும் பள்ளிப்படிப்பையும் சேர்த்தே கற்பித்தது. அது மூடப்பட்டதற்கு நம்மில் எத்தனை பேர் வருந்தினோம்?

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் என்றுகூடக் கேட்கவில்லை. அருகருகே உள்ள சில தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து, முறையான ஊதியத்தில், முழுநேரக் கலையாசிரியர் ஒருவர். வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களை அப்பணிக்கு அழைக்க ஒரு வழி. வாரத்தில் சில மணி நேரமேனும் கையேடில்லாத, மதிப்பீடில்லாத வேளை. இவ்வளவுதான். ஆலைகளுக்கு நிலமும் நீரும் சாலையும் தரத் தெரிந்த அரசுக்கு, அந்த ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கு ஒரு பாட்டு வாத்தியாரைத் தரமுடியாது என்பதை நாம் நம்பத் தயாரில்லை.