‘சிபில் சரியில்லை’ என்றால் எழுதிக் கொடுங்கள்!

கம்பம் பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த மாணவி, கல்விக் கடனுக்காக மூன்று முறை வங்கிப் படியேறினாள். மூன்றாவது முறை பதில் கிடைத்தது: “உங்க அம்மாவுக்கு சிபில் சரியில்லைம்மா.” அவ்வளவுதான். எழுத்தில் ஒரு வரி இல்லை.

அந்த அம்மா விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். “நான் எந்த பேங்க்குல கடன் வாங்குனேன்?” என்று நம்மிடம் கேட்டார். வங்கியில் வாங்கவில்லைதான். நுண்நிதி நிறுவனத்தில் குழுக் கடன் வாங்கியிருந்தார். அதுவும் பதிவாகும் என்று கையெழுத்து வாங்கியவர்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். கட்டி முடித்த கடன் ஒன்று இன்னும் பாக்கி என்று இருந்தது. இன்னொன்றில் தவணை தாமதம். மழையில் வேலை இல்லாத வாரங்களில் குழுவில் இரண்டு பேரால் கட்ட முடியவில்லை. “பத்துப் பேர் பணமும் சேர்ந்து வந்தால்தான் வாங்குவேன்” என்று வசூலுக்கு வந்தவர் இவர் நீட்டிய பணத்தையும் வாங்காமல் போனார். தாமதம் இவர் பெயரிலும் ஏறிவிட்டது.

300-இலிருந்து 900 வரை போகும் இந்த மதிப்பெண்ணில் சாதிக்குக் கட்டம் கிடையாது. அதனால் இது சாதி பார்க்காத எண் என்கிறார்கள். சரி, கொஞ்சம் பின்னால் போவோம். 1892-இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? அடமானம் வைக்க நிலம் இல்லாதவருக்கு வங்கிக் கதவு திறப்பதில்லை. மிச்சமிருப்பது நிலத்துக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஜாமீனாக வைக்கும் குழுக் கடனும் கந்துவட்டியும்தான். கந்துவட்டிக்காரருக்கு ஒரு நாள் தவறாமல் கட்டிய நம் அம்மாக்களின் நாணயம் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. குழுக் கடனில் தவறிய ஒரு தவணை மட்டும் ஏறிவிடுகிறது. சாதியைக் கேட்கத் தேவையில்லாத எண் இது. சாதி செய்த வேலையை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது.

“இது முதலாளித்துவ ஏமாற்று, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஏமாற்றுதான். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நம் விமர்சனம் முடியும்வரை காத்திருக்காதே!

ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அறிக்கையை எடுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. நாம் வாங்காத கடன் இருக்கிறதா, முடித்த கடன் திறந்தே கிடக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். ‘செட்டில்டு’ என்ற சொல் வந்தால் கவனம். “பாதியைக் கட்டு, முடித்துவிடலாம்” என்று வசூல்காரர் இனிப்பாகப் பேசுவது அதைத்தான். அது முழுதாக அடைத்த கடன் ஆகாது. அறிக்கையில் கறையாக நிற்கும்.

தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரல் 26 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. “சிபில் சரிசெய்து தருகிறோம்” என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை அவர்களால் அழிக்க முடியாது. பொய்யான பதிவைத் திருத்தக் காசு தேவையில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான கடன் குறித்து ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. நம் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்மட்டத்தில்தான் நிராகரிக்க வேண்டும். காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது அது. அப்படியானால் “சிபில் சரியில்லைம்மா” என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பும் அதிகாரம் அந்த மேசைக்கு எங்கிருந்து வந்தது? பெற்றோரும் பிள்ளையும் இதுவரை கடனே வாங்காதவர்களா? முன்கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மதிப்பெண் குறைவு என்று கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. அது நம் மாநில வங்கிக் கிளையைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் மனுவில் எடுத்துக்காட்ட உதவும்.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிறோம். ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? ரூபாயின் பிரச்சினை பற்றி 1923-இல் ஆய்வு நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர் அண்ணல். அவர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, கடன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

அந்த மாணவியின் அம்மா பெயரில் புகார் கொடுத்தோம். முடித்த கடன் ‘முடிந்தது’ என்று மாறிவிட்டது. தாமதப் பதிவு அப்படியே இருக்கிறது. அவள் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். இந்த முறை, நிராகரித்தால் மேல்மட்ட முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தருமாறு தனிக் கடிதம் இணைத்து, ஒப்புகை முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள் தோட்டத்துக்குப் போகாத நாள். ஆதார், பான் அட்டை, கைப்பேசியோடு சமுதாயக் கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம். அறிக்கையைப் படித்துக் காட்டத் தெரிந்த கல்லூரித் தோழர்கள் பத்துப் பேராவது வேண்டும்.