யானை முடிவாட்டமும் நம் தீர்ப்பும்

யானை எஞ்சிய முடிவாட்டங்களெல்லாம் சமனிலேயே முடியுமென்று சதுரங்கம் பயில்வோரிடையே ஒரு வழக்குண்டு. யானையைக் கோட்டையென்பாரும் உளர். அவ்வழக்கை நம்பி அத்தகைய ஆட்டங்களை எளியனவென்று கொள்ளுதல் பிழை. அவற்றில் தோற்றாரைப் பழித்தல் அதனினும் பெரும்பிழை என்பது எம் கருத்து. இதற்குச் சென்னை மாநகரில் நிகழ்ந்த ஆட்டமொன்றே சான்றாகும்.

2013ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்திற்காக அங்கே பொருதனர். முன்னவர்க்கு அகவை 43, பின்னவர்க்கு 22. முதல் நான்கு ஆட்டங்களும் சமனாயின. ஐந்தாவதில் ஆனந்த் யானை முடிவாட்டத்தில் தோற்றார். மறுநாள் ஆறாம் ஆட்டத்திலும் அத்தகைய முடிவாட்டமே வந்துற்றது.

வெள்ளைக்காய் ஆனந்துடையது. நாற்பதாம் நகர்த்தலில் ராணிகள் வெட்டுண்டபோது கார்ல்சனுக்கு ஒரு காலாள் மிகுதி. விரைவில் அஃது இரண்டாயிற்று. பிறரெனின் அம்மிகுதியை இறுகப் பற்றியிருப்பர். அவரோ தம் அரசனைப் பகைவர் எல்லையுள் நடத்தும் பொருட்டு இரு காலாட்களைக் கைவிட்டார். 1924இல் நியூயார்க்கில் தார்த்தகோவரை வென்ற காபபிளாங்காவும் இம்முறையையே கையாண்டார். யானை முடிவாட்டத்தில் எண்ணிக்கையினும் அரசனது நடையே வலிது.

வெள்ளையின் 59ஆம் நகர்த்தலுக்குப்பின் இருபாலும் மும்மூன்று காலாட்களே எஞ்சின. அடுத்த நகர்த்தலில் ஆனந்த் தம் பி2 காலாளை இரு கட்டம் தள்ளியிருப்பின் ஆட்டம் சமனாகியிருக்கும். அவர் யானையை ஏ4 கட்டத்திற்கு நகர்த்தினார். கார்ல்சன் ஓரக் காலாளொன்றை முன்தள்ளிப் பலியிட்டார். அதனை வெட்டியதும் கறுப்பு யானை வெள்ளையரசனைப் பலகையின் விளிம்பில் அடைத்தது. எஃப் வரிசைக் காலாள் தன் அரசன் துணையோடு விரைந்தது. ஆனந்தின் காலாட்களோ காலந்தாழ்த்தே புறப்பட்டன. 67ஆம் நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. பின்னர்ப் பட்டமும் ஆறரைக்கு மூன்றரை என்னும் கணக்கிற் கைமாறிற்று.

நிற்க. கணிப்பொறியை அருகில் வைத்து ஆட்டம் காண்போர், அதன் எண் மாறியவுடனே, "இதுவுந் தெரியாதா?" என்பர். யாமும் அங்ஙனம் நகைத்தவரே. அண்மையில் ஒருநாள் மாலை விடுதித் தாழ்வாரத்தில் அந்நிலையைப் பலகையில் அமைத்து, கருவியின் துணையின்றித் தோழர் சிலரொடு ஆராய்ந்தோம். ஐந்து நிமிடத்தில் எம்முள் பெரும்பாலார் தேர்ந்தது அந்த யானை நகர்த்தலே! காலாளைத் தள்ளுக என்ற ஒருவருக்கும் காரணங்கூற இயலவில்லை. அன்றே எம் நகைப்பு அடங்கிற்று.

உலக வீரர் அதனைக் கண்டிருத்தல் வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டுவதே. ஆயின் பல மணிநேரம் ஆடிய களைப்பில், முந்தைய நாள் தோல்வியின் சுமையோடு, தம் ஊரார் காண, தனியே அமர்ந்து தேடுவது வேறு. பிறிதொன்று தேடித்தந்த விடையைப் படிப்பது வேறு. பிந்தையது அறிவன்று, இரவற்பொருளே.

நண்பர்காள், பிழையைப் பிழையென்க, அதனை எளிதென்னற்க. பிறர் ஆட்டத்தைத் தீர்ப்பிடுமுன் கருவியை மூடிவைத்து, பலகையின்முன் ஒரு நாழிகை அமர்ந்து பார்மின்.